நடுச்சுவரை இடிக்க யாரிடம் கேட்பது

எங்கள் வீட்டு நடுச்சுவரை இடிக்கலாமா என்று கேட்கப்படாத ஆள், ஊரிலேயே நான் ஒருத்திதான். வாஸ்துக்காரரிடம் கேட்டார்கள். பஞ்சாங்கத்தில் பார்த்தார்கள். கோயிலில் பூப்போட்டுக் கேட்டார்கள். சலூனில் முடிவெட்டிக்கொண்டே கேட்டார்கள். சுவரில் இருந்த பல்லி எந்தத் திசையில் கத்தியது என்றுகூட ஒரு நாள் விவாதம் நடந்தது. அந்தச் சுவரைக் கட்டிய கொத்தனாரின் மகளாகிய நான், அதே சுவரில் முதுகைச் சாய்த்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். என்னிடம் காபி கேட்டார்கள்.

ஓடைப்பட்டிப் பக்கத்தில் எங்கள் மாமனார் வீடு கட்டியபோது அப்பாதான் கொத்தனார். கட்டின சுவருக்குக் காலையும் மாலையும் தண்ணீர் அடிக்கிற வேலை எனக்கு. மாமனார் தினமும் வந்து சுவரைப் பார்ப்பார், என்னையும் பார்ப்பார். தூரத்துச் சொந்தமும் இருந்தது. இரண்டும் உறுதியாக இருக்கிறதென்று பட்டிருக்க வேண்டும். சுவரையும் மருமகளையும் ஒரே ஆளிடம் வாங்கிய மனிதர் அவர். எனக்குக் கல்யாணமான இரண்டு வருஷத்துக்குள் அவரும் போய்விட்டார், அப்பாவும் போய்விட்டார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நாங்கள் நாலு பேர். கீழே நானும் எங்க வீட்டுக்காரரும். மேலே அவருடைய அண்ணனும் அண்ணன் சம்சாரமும். அண்ணன் எனக்கு மூத்தார் முறை, அவர் சம்சாரம் எனக்கு ஓரகத்தி. மாமனார் காலத்தில் மேலே மொட்டைமாடிதான். அவர் கண்ணை மூடியதும் மூத்தார் அங்கே இரண்டு ரூம் எடுத்துக் குடியேறினார். அந்த இரண்டு ரூமையும் பிரிக்கிற சுவர், கீழே எங்கள் நடுச்சுவர் மேல்தான் அப்படியே ஏறி நிற்கிறது. இந்த ஒரு விஷயத்தை மட்டும் நீங்கள் மனதில் வைத்துக்கொண்டால் போதும். எங்கள் வீட்டில் அதை என்னைத் தவிர யாரும் வைத்துக்கொள்ளவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் பக்கத்தில் வாஸ்து பரவியது. சின்னமனூரிலிருந்து கம்பம் வரைக்கும் வாசலை மாற்றியவர்கள் எத்தனை பேர், கிணற்றை மூடியவர்கள் எத்தனை பேர்! மூடிய கிணற்றை மறுபடி தோண்டியவர்களும் உண்டு. எங்கள் வீட்டுக்கு அது கொஞ்சம் தாமதமாக, திராட்சை வழியாக வந்தது. இரண்டு வருஷம் தொடர்ந்து ஐப்பசி மழையில் எங்கள் பந்தலில் அடிச்சாம்பல் நோய் விழுந்தது. பக்கத்துத் தோட்டக்காரர் துருசும் சுண்ணாம்பும் கலந்து நேரத்துக்கு அடித்துக் காப்பாற்றிக்கொண்டார். எங்கள் மூத்தார் வானத்தைப் பார்த்து, இந்த மழைக்கு மருந்தடித்தால் வீண் என்று ஒரு வாரம் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கொத்துக் கொத்தாகக் கருகி விழுந்த பிறகு, வீட்டில் ஏதோ கோளாறு என்று கண்டுபிடித்தார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவர் நிஜமாகவே ஆளைக் கூட்டிவந்து கூடத்தை அளந்தார்.

வந்தவர் கையில் திசைகாட்டி, சட்டைப்பையில் நாலு நிறத்தில் பேனா. வீட்டை மூன்று சுற்றுச் சுற்றினார். அடுப்படியில் என் அஞ்சறைப்பெட்டியைக்கூடத் திறந்து பார்த்தார், அதில் எந்த மூலை ஈசானியமோ தெரியவில்லை. கடைசியில் நடுச்சுவர் முன்னால் வந்து நின்று உச்சுக்கொட்டினார்.

"வீட்டோட நடு நெஞ்சுல சுவத்த நிப்பாட்டியிருக்கீக. பிரம்மஸ்தானம் மூச்சுவிட வேண்டாமா? வெள்ளாமை எப்படி வெளங்கும்? வம்சம் எப்படித் தழைக்கும்?"

வம்சம் என்றதும் மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குக் கல்யாணமாகி அப்போது எட்டு வருஷம், பிள்ளை இல்லை. மூத்தாருக்கு இரண்டு பெண்கள், இரண்டையும் கட்டிக்கொடுத்தாயிற்று. ஆகவே திராட்சைக்குச் சுவர் பொறுப்பு, பிள்ளைக்கு இதுவரை நான் பொறுப்பு. இப்போது அதையும் சுவர் தலையிலேயே கட்டிவிடலாம் என்றானபோது, ஒரு நிமிஷம் எனக்கே அந்த மனுஷனைப் பிடித்துப்போயிற்று என்பதை ஒத்துக்கொள்கிறேன். எட்டு வருஷத்தில் முதல்முறையாக ஒருத்தர் வந்து, கோளாறு இந்தப் பொம்பளையிடம் இல்லை, செங்கலில் இருக்கிறது என்கிறாரே.

ஆனாலும் செங்கல் என்னவென்று தெரிந்தவள் எப்படி வாயை மூடிக்கொண்டு இருப்பது? அது ஒன்பது இஞ்சுச் சுவர், மாடி மொத்தத்தையும் அதுதான் தாங்குகிறது, எடுத்தால் மாடி கீழே வந்துவிடும் என்று சொன்னேன். மூத்தார் சிரித்தார். கொத்தனார் மகளல்லவா, அப்பா கட்டினதை இடிக்கப் பொறுக்குமா என்றார். எங்க வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். அவர் தங்கமான மனுஷன்தான். அண்ணன் பக்கத்தில் இருந்தால் தும்மலைக்கூட அடக்கிக்கொள்வார், அவ்வளவுதான் குறை. அந்த ஒரு குறை போதாதா?

தனியாக இருக்கும்போது நான் பிடிபிடியென்று பிடித்தேன். அண்ணனிடம் நீங்கள் ஒரு வார்த்தை வேண்டாமென்று சொல்லக்கூடாதா என்று கேட்டேன். பார்ப்போம் என்றார். எங்கள் வீட்டில் பார்ப்போம் என்றால், கண்ணை மூடிக்கொள்வோம் என்று அர்த்தம்.

சரி, இவர்கள் நான் சொன்னால் கேட்க மாட்டார்கள், கவர்மெண்டு சொன்னால் கேட்பார்கள் என்று நினைத்தேன். ரேஷன் கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் பேரூராட்சி ஆபீசுக்குப் போனேன். வீட்டுக்குள் சுவரை இடிக்க அனுமதி வாங்க வேண்டும், வாங்காமல் தொட்டால் கேஸ் என்று ஓவர்சியர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அதை மூத்தார் காதில் போட்டுவிடலாம். ஓவர்சியர் என்னை நிற்கவைத்து மூன்று கேள்வி கேட்டார். தெருப்பக்கம் நீட்டுகிறீர்களா? இல்லை. புதிதாக மாடி எடுக்கிறீர்களா? இல்லை. பக்கத்து வீட்டுக்காரனோடு தகராறா? இல்லை. அப்புறம் என்னம்மா, உங்கள் வீட்டுக்குள் நீங்கள் எதை வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள் என்றார். இடிக்கலாம் என்று சொல்லச் சொல்லிக் கெஞ்சுகிறவர்களைத்தான் அவர் பார்த்திருப்பார். இடிக்கக்கூடாது என்று சொல்லச் சொல்லிக் கெஞ்சுகிற ஒருத்தி அவருக்குப் புதிது.

சுவர் போனால் மேல்மாடி விழுந்துவிடுமே சார் என்றேன். அவர் எழுந்து போய்ப் பழைய கட்டு ஒன்றை எடுத்துவந்து தூசி தட்டி, மாமனார் காலத்துப் பிளானை விரித்தார். விரலை ஓட்டிப் பார்த்தார்.

"எந்த மாடியம்மா? இதுல மாடியே இல்லையே."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூத்தார் மாடி எடுத்தபோது எந்த ஆபீசிலும் கேட்கவில்லை. கவர்மெண்டு கணக்கில் அந்த இரண்டு ரூமும் கிடையாது, அதில் படுத்திருக்கிற இரண்டு பேரும் கிடையாது. இல்லாத மாடி எப்படி விழும்? காகிதத்தின்படி எங்கள் நடுச்சுவர் ஆகாயத்தைத்தான் தாங்கிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு வார்த்தை நான் பேசினால் அந்த ஆள் டேப்பை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருவார், புகுந்த வீட்டைக் காட்டிக்கொடுத்தவள் என்று பெயராகும். ஒன்றுமில்லை சார், தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஓடிவந்தேன். ரொம்ப நாள் கழித்து ஓர் எஞ்சினியரிடம் விசாரித்தேன். குறுக்குத் தடுப்பை எடுப்பது வேறு, பாரம் தாங்குகிற சுவரை எடுப்பது வேறு, அதற்கு எஞ்சினியரை வைத்துப் பார்த்துக் கேட்டுத்தான் செய்ய வேண்டும் என்றார். அன்றைக்கு அந்த ஆபீசில் யாரும் அது எந்தச் சுவர் என்று கேட்கவில்லை.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்களே, அது நான்தான். ஓவர்சியர் சாயங்காலமே டீக்கடையில் மூத்தாரைப் பார்த்து, உங்கள் வீட்டிலிருந்து வந்து கேட்டார்கள், அதற்கெல்லாம் அனுமதி வேண்டாமென்று சொல்லி அனுப்பினேன் என்று போட்டுவிட்டார். மூத்தார் பூரித்துப்போய் வந்தார். என்ன இருந்தாலும் பொறுப்பான பிள்ளை, நமக்குத் தோன்றவில்லை, அதுவே போய்க் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறது என்று ஓரகத்தியிடம் மெச்சினார். எட்டு வருஷத்தில் அவர் என்னை மெச்சியது அது ஒரு தடவைதான். அன்றிலிருந்து, சுவர் தாங்குமா என்று யார் கேட்டாலும் ஆபீசிலேயே அனுமதி வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள் என்பதுதான் பதில். அனுமதி வேண்டாம் என்றால் ஆபத்து இல்லை என்று அர்த்தமாம். இந்தக் கணக்கை எங்கே படித்தாரோ!

அடுத்த மூன்று நாள் நான் வீட்டுக்குத் தூரம். எங்கள் வீட்டில் அந்த நாட்களில் நான் அடுப்படிப் பக்கம் போகக்கூடாது, பின்கட்டில் இருக்க வேண்டும், ஓரகத்திதான் சமைப்பாள். அவளுக்கு உப்புக் கை. அவள் வைக்கிற சாம்பாரை வாயில் வைத்தால் நெற்றி சுருங்கும். வீட்டில் யாரும் எதுவும் சொல்ல வேண்டியதே இல்லை, சாம்பாரில் உப்புக் கரித்தால் என் சங்கதி எல்லோருக்கும் தெரிந்துவிடும். அப்படி ஒரு மானங்கெட்ட காலண்டர்.

தலைக்குக் குளித்து வந்ததும் அம்மன் கோயிலில் பூப்போட்டுப் பார்க்கப் போனோம். எங்கள் பக்கத்து வழக்கம் அது. சிவப்பு அரளி ஒன்று, வெள்ளை அரளி ஒன்று, தனித்தனியாக இலையில் மடித்துச் சாமி முன்னால் போட்டு, விவரம் தெரியாத ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் ஆத்தா சரி என்கிறாள். சிவப்பு வந்தால் வேண்டாம் என்கிறாள். மடித்துக் கொடுக்கிற வேலை என்னிடம் வந்தது. தாயே மன்னித்துக்கொள், உனக்கும் இந்த வீட்டு லட்சணம் தெரியும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, பூக்கூடையிலிருந்து இன்னொரு சிவப்பை எடுத்து, இரண்டு மடிப்பிலும் சிவப்பையே வைத்தேன். வெள்ளையை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

குழந்தை எடுத்தது. பிரித்தால் சிவப்பு, வேறென்ன வரும்? நான் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். பார்த்தால் மூத்தார் தரையில் விழுந்து கும்பிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"ஆத்தா தெளிவாச் சொல்லிட்டா. இந்தச் சுவரு இருக்கலாமா தாயேன்னு கேட்டேன். கூடாதுன்னுட்டா."

அடியாத்தி! இடிக்கலாமா என்றுதானே ஊரில் நாலு பேர் கேட்பார்கள்? இந்த மனுஷன் இருக்கலாமா என்று கேட்டிருக்கிறார். என் கையாலேயே நான் தீர்ப்பெழுதிக் கொடுத்துவிட்டேன். இடுப்பில் இருந்த வெள்ளை அரளி வீடு போய்ச் சேருகிறவரைக்கும் குத்திக்கொண்டே வந்தது. சொல்லவா முடியும்? ஆபீஸ், ஆத்தா இரண்டு பேருமே நான் போனதால்தான் அவர் பக்கம் சாய்ந்தார்கள். பேசாமல் அவரைக்காய் நறுக்கிக்கொண்டு இருந்திருக்கலாம்.

பூப்போட்டதிலிருந்து நாலாம் நாள் காலையில் இடிக்க ஆள் வந்தது. அப்பாவிடம் கையாளாக இருந்து பிறகு கொத்தனாரானவர். சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார், அண்ணாந்து மாடியைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். எஞ்சினியர் யாரிடமாவது கேட்டீர்களா என்று மூத்தாரிடம் மெதுவாகக் கேட்டார். மூத்தார் விரலை மடக்கினார். ஆபீசில் அனுமதியே வேண்டாமென்றுவிட்டார்கள், ஆத்தா உத்தரவு கொடுத்துவிட்டாள், வாஸ்துக்காரர் நேரம் குறித்துவிட்டார், இனி நீ யாரப்பா என்றார். கொத்தனார் தோளைக் குலுக்கிவிட்டு, இரண்டு சவுக்குக் கம்பை மேலே முட்டுக் கொடுத்தார். இரண்டு கம்பு! பந்தல்காலுக்குக்கூட அதைவிடப் பருமனாக ஊன்றுவோம்.

முதல் அடி விழுந்தது. பூச்சு உதிர்ந்தது. இரண்டாவது அடிக்கு ஒரு செங்கல் அசைந்தது. மூன்றாவது அடிக்கு மேலேயிருந்து ஓரகத்தியின் குரல் கேட்டது. பீரோக் கதவு தானாகத் திறக்கிறதென்றாள். மூத்தார் முகத்தைப் பார்த்தேன், வெளிறிப்போயிருந்தது. அவருக்குத் தெரிந்துவிட்டது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் வீட்டு முன்னால் வேடிக்கை பார்க்கப் பத்துப் பேர் நின்றார்கள். இப்போது நிறுத்தச் சொன்னால் கொத்தனார் மகள் சொன்னது சரியென்று ஆகிவிடும். அவர், ம், அடி என்றார்.

நான் எங்க வீட்டுக்காரரைப் பார்த்தேன். இப்போதாவது வாயைத் திறப்பார் என்று நினைத்தேன். அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேலே அந்தப் பொம்பளை பீரோவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். எனக்கு வயிறு எரிந்தது. அந்த எரிச்சலில்தான் வாயில் வந்தது.

"நிப்பாட்டுங்க. எனக்கு நாள் தள்ளிப்போயிருக்கு."

எங்கள் பக்கத்தில் இதற்கு மேல் ஒரு தடையுத்தரவு கிடையாது. பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டில் கடப்பாரை போடக்கூடாது, வாசக்கால் வைக்கக்கூடாது, சுவரில் ஓர் ஆணிகூட அடிக்கக்கூடாது. கொத்தனார் கடப்பாரையைச் சூடு பட்டவர்போலக் கீழே போட்டார். மூத்தார் நெஞ்சில் கைவைத்து, ஆத்தா, நல்ல நேரத்தில் சொன்னாய் என்றார். அசைந்த செங்கலைச் சிமெண்டு வைத்துப் பூசிவிட்டுப் போகச் சொன்னார். செங்கலும் சிமெண்டும் தெரிந்த ஒருத்தி மாடி விழும் என்று சொன்னபோது அசையாத வீடு, வயிற்றில் இல்லாத ஒன்றைச் சொன்னதும் அப்படியே நின்றது.

அன்றைக்கு மத்தியானமே எங்க வீட்டுக்காரரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். கண்ணில் நீர் முட்டியது. பொய் சொன்னதற்கு இல்லை, அவர் ஆசைப்பட்டிருப்பாரே என்றுதான். அவர் ஆசைப்படவில்லை.

"அதான் தெரியுமே. போன வாரம் மூணு நாளும் சாம்பார்ல உப்பு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்படியென்றால் ஓரகத்திக்குத் தெரியும், சமைத்தவளே அவள்தான். மூன்று நாளும் சாப்பிட்ட மூத்தாருக்கும் தெரியும். நான் சொன்னது பொய்யென்று அந்த நிமிஷமே எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. தெரிந்தேதான் மூத்தார் நெஞ்சில் கைவைத்துக்கொண்டார். ஓரகத்தி மாடியிலிருந்து இறங்கிவந்து என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்ததும் தெரிந்தேதான். அத்தனை பேருக்கும் சுவரை நிறுத்த ஒரு சாக்கு வேண்டியிருந்தது, என் வயிறு கிடைத்தது.

"தெரிஞ்சும் ஏன் பேசாம நின்னீக?" என்று கேட்டேன்.

"அண்ணன் முன்னாடி எப்படிப் பேசுறது?" என்றார்.

வேடிக்கை பார்த்த பத்துப் பேரும் சும்மா இருப்பார்களா? ஊர் முழுக்கப் பரவிவிட்டது. ஒருத்தி மாங்காய் கொண்டுவந்தாள். வீரபாண்டித் திருவிழாவுக்கு அக்கினிச்சட்டி எடுப்பதாக என் சார்பில் இன்னொருத்தி நேர்ந்துகொண்டாள். நடக்கும்போது இடுப்பில் கைவைத்துக்கொள் என்று ஓரகத்தி எனக்கு நடிப்புச் சொல்லிக்கொடுத்தாள். ஒன்றரை மாதம் போனதும், இதற்கு மேல் இழுத்தால் வயிறு தெரிய வேண்டுமே, கலைந்துவிட்டதென்று சொல்லிவிடுவோம் என்று அவளே நாள் பார்த்துச் சொன்னாள். அதற்கும் நல்ல நாள் பார்த்தாளா என்று நான் கேட்கவில்லை.

துக்கம் விசாரிக்க வந்தார்கள். ஒருத்தி நாட்டுக்கோழி அடித்து ரசம் வைத்துத் தூக்குவாளியில் கொண்டுவந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு தடவை வயிற்றில் நின்றுவிட்டதல்லவா, இனிமேல் தங்கும் தாயி, அழாதே என்றாள். நான் அழுதேன். நடிப்பென்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன், நிறுத்த முடியவில்லை. எட்டு வருஷத்தில் எனக்குப் பிள்ளை இல்லையே என்று யாரும் என்னோடு உட்கார்ந்து அழுததில்லை, குத்திக்காட்டியதுதான் உண்டு. இல்லாத பிள்ளை போனதற்கு அத்தனை பேர் வந்தார்கள். சேலைத்தலைப்பு நனைகிற அளவுக்கு அழுதேன். ஓரகத்தி பயந்துபோய்க் கதவைச் சாத்தினாள்.

மூன்று மாதம் கழித்து வாஸ்துக்காரர் திசைகாட்டியோடு மறுபடி வந்தார். இப்போது தடை இல்லையே, தை பிறந்ததும் வைத்துக்கொள்ளலாமா என்றார். மூத்தார் மோவாயைச் சொறிந்தார். நான் அடுப்படியில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். எங்க வீட்டுக்காரர் தொண்டையைக் கனைத்தார். எனக்கே ஆச்சரியம், வாய் திறந்தது.

"வேண்டாம்ணே."

"சரி, அப்ப விடு" என்றார் மூத்தார்.

அவ்வளவுதான். வாஸ்துக்காரர் காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். எங்க வீட்டுக்காரர் உள்ளே வந்து, மலையைப் புரட்டியவர்போல என்னைப் பார்த்துச் சிரித்தார். பேசிவிட்டேன் பார்த்தாயா என்றார். இந்த ஒரு சொல் கிடைக்காமல்தான் ஆபீசுக்குப் போனேன், சாமியை ஏமாற்றினேன், வயிற்றில் இல்லாத பிள்ளையைச் சுமந்து அதையும் தொலைத்துவிட்டு ஊரைக் கூட்டி அழுதேன். அது இவ்வளவு சின்னச் சொல்லாக இருந்திருக்கிறது.

அன்றைக்கு நான் வீட்டுக்குத் தூரம் இல்லை, நன்றாகத்தான் இருந்தேன். சாம்பார் கொதிக்கும்போது உப்பு ஜாடிக்குள் கையை விட்டு ஒரு கை நிறைய அள்ளிப் போட்டேன். போதாதென்று இன்னொரு கையும் போட்டேன். மூன்று பேரும் அந்த நடுச்சுவர் ஓரமாக வரிசையாக உட்கார்ந்தார்கள். ஊற்றினேன். முதல் வாயிலேயே மூன்று நெற்றியும் சுருங்கின. யாரும் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை, தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. மோர் இருக்கா என்று மட்டும் மூத்தார் கேட்டார்.